சிங்கி இறாலும் பவளப்பாரும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற மாதம் நம் காரியதரிசியவர்கள் எம் பள்ளிக்கு நேரில் எழுந்தருளி, வருங்கூட்டத்தில் ஏதேனும் ஒரு பொருள்பற்றிப் பேசவேண்டுமென்று பணித்தபொழுது, வழக்கம்போல் நெய்தற்றிணையைப் பற்றியோ கொற்கை முத்தைப் பற்றியோ பேசிவிடலாமென்றே யாம் எண்ணியிருந்தோம். அவை எமக்குப் பழகிய பொருள்கள். அவற்றிற் சிறிது பிழைபடினும் கண்டுபிடிப்பார் சிலரே. ஆயின், அடுத்த வாரத்திலேயே எம் வகுப்பிற் பயிலும் சிறுவன் ஒருவன் அரைச்சாண் நீளமுள்ள பவளக்கொம்பு ஒன்றைக் கொணர்ந்து எம் மேசைமீது வைத்தான். அது கடைகளில் அலங்காரத்திற்கு வைக்கும் வெள்ளைக் கொம்பன்று. இளம்பழுப்பு நிறம் மாறாமல், கைபட்டால் வழுவழுப்பாய், உயிர்நாற்றம் வீசிக்கொண்டிருந்தது. "இஃது எங்கிருந்து கிடைத்தது?" என்றோம். "அப்பாவின் சிங்கிவலையில் வந்தது, ஐயா. கரையில் இன்னும் நிறையக் கிடக்கிறது" என்றான்.

பவளத்தை எடுத்தலும் வைத்திருத்தலும் 2001 ஆம் ஆண்டு முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாதலின், அதனை உடனே கடலில் இட்டுவிடுமாறு சொல்லி அனுப்பினோம். அன்று மாலை யாமே கரைக்குச் சென்று பார்த்தோம். பையன் பொய் சொல்லவில்லை. வலை பிரிக்குமிடமெங்கும் கொம்புகளும், கடற்பஞ்சுகளும், விசிறிபோல் விரிந்த கடற்சாமரங்களும் காலில் இடறின. அதனாற்றான் முத்தை விட்டுச் சிங்கியைப் பேச வந்தோம்.

பொருளுட் புகுமுன் சொல்லைச் சிறிது ஆராய்தல் எம்போன்றார்க்கு உள்ள பழக்கம், பொறுத்தருளல் வேண்டும். 'இறவு' என்றும் 'இறா' என்றும் பழைய நூல்கள் வழங்கும் சொல்லே இன்று 'இறால்' என நிற்கின்றது. 'துகிர்' என்பது பவளத்தின் பழம்பெயர். ஆயின் அணிகலனிற் கோக்கும் செம்பவளம் வேறு, நம் கடலடியில் மலைபோல் வளரும் பவளம் வேறு. முன்னது மேற்றிசையிலுள்ள மத்தியதரைக் கடலிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு. பின்னதை நம் முன்னோர் அணியாகக் கருதவில்லை. அதனை வெறுங்கல்லாகவே மதித்துச் சுண்ணாம்புக் காளவாயில் இட்டனர். கல்லென்று பெயரிட்டது காரணமாகவே அதன் உயிர் நம் கண்ணுக்குப் படாமற் போயிற்று என்பது எம் கருத்து. கடலடித் திடருக்கு நம்மவர் வைத்த 'பார்' என்னும் பெயரோ அருமையானது. முத்துச்சிப்பி வாழ்ந்த இடம் முத்துப்பார். பவளம் வளரும் இடத்தைப் பவளப்பார் என்றே ஈண்டுச் சொல்லுவோம்.

அப்பார் எவ்வாறு உண்டாகிறது? குன்றிமணியினும் சிறிய உயிர்கள் ஆயிரமாயிரம் ஒன்றோடொன்று ஒட்டி வாழ்ந்து, கடல்நீரிலுள்ள சுண்ணத்தைப் பிரித்துத் தமக்கு வீடு கட்டுகின்றன. அவ்வுயிரின் உடலுக்குள் நுண்ணிய பாசி ஒன்று குடியிருந்து, வெயிலைக்கொண்டு உணவு சமைத்துத் தானும் உண்டு வீட்டுக்காரனுக்கும் ஊட்டுகிறது. வெயில் எட்டாத ஆழத்தில் பவளப்பார் தழையாமைக்கு இதுவே காரணம். கொம்புபோற் கிளைக்கும் இனம் ஆண்டிற்குச் சில விரற்கடை வளரும். பாறைபோல் உருண்டு திரளும் இனமோ ஆண்டு முழுதும் வளர்ந்தாலும் ஒரு சென்டிமீட்டர் அளவே தேறும். ஓர் ஆள் கட்டியணைக்கும் அளவுள்ள உருண்டைப் பவளம் அவன் பாட்டனுக்கும் மூத்ததாக இருத்தல் கூடும்.

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் நிரையாக அமைந்த 21 தீவுகளைச் சூழ்ந்தே நம் பார்கள் உள்ளன. மண்டபம், கீழக்கரை, வேம்பாறு, தூத்துக்குடி என அவற்றை நான்கு கூட்டமாகப் பகுப்பர். அவற்றுள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டும் நீரில் மூழ்கிவிட்டன. தீவுகளைச் சுற்றிப் பாரைத் தோண்டியது அதற்கொரு காரணம் என்பர் அறிந்தோர். 1986 இல் அரசாங்கத்தார் இத்தீவுகளைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தனர். 1989 இல் கன்னியாகுமரி வரையுள்ள 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. நூற்றுக்கு மேற்பட்ட பவள இனங்கள் இங்கு உள்ளனவென்று கணக்கெடுத்திருக்கின்றனர்.

இனிச் சிங்கிக்கு வருவோம். மேல்நாட்டுப் படங்களிற் காணும் லாப்ஸ்டருக்கு இருப்பதுபோன்ற பெருங்கொடுக்குகள் நம் சிங்கி இறாலுக்கு இல்லை. முள் நிறைந்த ஓடும், உடலினும் நீண்ட இரண்டு தடித்த உணர்கொம்புகளுமே அதன் படைக்கலம். பகலெல்லாம் பாரின் பொந்துகளில் கூட்டமாக ஒதுங்கி, உணர்கொம்புகளை மாத்திரம் வாயிலில் நீட்டிக் காவல் செய்யும். இருட்டியபின் வெளிப்போந்து சிப்பி, நத்தை, நண்டு, கடல் முள்ளெலி முதலியவற்றை உடைத்துத் தின்னும். நிலாக் காலத்தினும் இருட்டுக் காலத்தில் வலை கனப்பது ஏனென்று இப்பொழுது விளங்கும். பெண்சிங்கி தன் வயிற்றின்கீழ் இலட்சக்கணக்கான முட்டைகளைக் கொத்தாகத் தாங்கித் திரியும். முதலில் செம்மஞ்சளாயிருக்கும் முட்டை முதிர முதிரப் பழுப்பாகும். பொரித்து வெளிவரும் குஞ்சுக்குத் தாயின் சாயல் சிறிதுமில்லை. கண்ணாடியில் வெட்டிய இலைபோல் தட்டையாய், உள்ளே ஒளி ஊடுருவ, அது மாதக்கணக்கில் நடுக்கடலில் நீரோட்டத்தோடு மிதக்கும். பல முறை சட்டை உரித்த பின்னரே சிங்கியின் உருவெய்திக் கரையோரத்தை நாடி, ஒரு பொந்தைத் தேடி அடங்கும். இலட்சம் முட்டையில் பொந்து வந்து சேர்வன விரல்விட்டு எண்ணத்தக்கன என்றால் மிகையாகாது.

ஆகவே சிங்கிக்குப் பொந்து வேண்டும். பொந்துக்குப் பார் வேண்டும். இதனை மனத்தில் இருத்திக்கொண்டு நம் வலையைப் பார்ப்போம்.

மாலையில் வள்ளத்திற் சென்று பாரின் ஓரமாகவும், துணிந்தவர் பாரின் மேலாகவும், அடிவலையை விரித்துவிட்டு மறுநாள் விடியலில் எடுக்கிறோம். மேலே மிதவையும் கீழே ஈயமும் கட்டிய மெல்லிய நைலான் வலை அது. இரை தேடி நடக்கும் சிங்கியின் முள்ளும் காலும் கண்ணியில் மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொள்வது சிங்கி மாத்திரமா? இரவில் நீரோட்டம் வலையைப் புரட்டக் கீழ்க்கயிறு கொம்புப் பவளங்களிற் சுற்றிக்கொள்கிறது. விடியலில் நாம் மேலிருந்து இழுக்கிறோம். வாராவிடின் இன்னும் வலித்திழுக்கிறோம். ஒன்று பவளம் முறியும், அன்றி வலை கிழியும். பல நாள் இரண்டுமே நிகழும். முறிந்த கொம்பு மணலில் விழுந்தால் அலையில் உருண்டு மடியும். முறிந்த இடத்திலுள்ள புண்ணிலோ பாசி பற்றும். பாசி பற்றிய கல்லில் பவளக்குஞ்சு வந்து ஒட்டுதல் அரிது.

கிழிந்து கடலடியில் தங்கிய துண்டின் கதை இதனினும் கொடிது. நம் பாட்டன்மார் கையாண்ட பருத்திநூல் வலை சில மாதத்தில் உளுத்து மண்ணாகிவிடும். நைலானுக்கு அந்தத் தருமம் தெரியாது. உடையவனில்லாத அத்துண்டு ஆண்டுக்கணக்கில் பாரைப் போர்த்துக்கொண்டு வெயிலை மறைக்கிறது. அலைதோறும் அசைந்து உயிருள்ள பவளத்தின் தோலை அறுக்கிறது. அதற்குள் நுழைந்த நண்டும் சிங்கியும் மீனும் எவருக்கும் பயனின்றிச் சாகின்றன. செத்த மீனின் நாற்றத்திற்கு வேறு நண்டு வருகிறது, அதுவும் சாகிறது. கூலியின்றி, ஓய்வின்றி, விற்பனையின்றி நடக்கும் மீன்பிடித்தொழில் இஃதொன்றே போலும்!

எம் ஊரிலுள்ள முதியவர் ஒருவரிடம் இவற்றையெல்லாம் சொன்னோம். அவர் நாற்பதாண்டுக்கு மேல் கடல் கண்டவர். "அண்ணாச்சி, பாருக்கு மேல் வலை இடலாகாதென்று தாங்களே இளைஞர்க்குச் சொல்லலாகாதா?" என்றோம். அவர் சிரித்தார். "வாத்தியாரே, விசைப்படகுக்காரன் இரும்புப் பலகையும் இழுவைமடியும் கொண்டு கடலடியை உழுது போகிறான், அவனைக் கேட்பார் இல்லை. அந்தக் காலத்திலே பாரையே வெட்டி வள்ளம் வள்ளமாகக் காளவாய்க்குக் கொண்டுபோனார்கள். அவர்களையும் கேட்பார் இல்லை. நான் நாலு சிங்கி பிடித்தால் மாத்திரம் கடல் கெட்டுப்போகுமோ?" என்றார்.

அவர் கூற்றில் உண்மை உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. தூத்துக்குடிப் பக்கத்துப் பார்கள் பல பதிற்றாண்டுகளாகச் சுண்ணாம்பிற்கும் கட்டடத்திற்கும் வெட்டப்பட்டன. 2001 ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகே அது படிப்படியாக நின்றது. அதனினும் பெரிய பகை கடல்நீரின் வெம்மை. கோடையில் நீர் வழக்கத்திற்கு மேல் சூடேறினால் பவளத்தின் உள்ளிருக்கும் பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும். சூடு விரைவில் தணியாவிடின் சாகும். 1998 இலும் 2010 இலும் அவ்வாறு நேர்ந்தது. 2016 இல் நேர்ந்த வெளுப்பில் மன்னார் வளைகுடாவின் உயிர்ப்பவளம் பெரிதுங் குறைந்துபோயிற்று. சிங்கிவலைகளெல்லாம் ஆண்டுக்கணக்கிற் செய்யமாட்டாத கேட்டை ஒரு கோடை செய்துவிட்டது. ஆதலின் பார் அழிந்ததற்குச் சிறுதொழில் செய்வாரே காரணமென்று எவரேனும் சொன்னால் அவர் கணக்கறியாதவர். அவரோடு வழக்காட யாமும் உடன் வருவோம்.

அற்றேல் நமக்குப் பொறுப்பில்லையா எனின், உண்டு. நோயாளியை வீழ்த்தியது காய்ச்சல்தான். ஆயினும் அவன் எழுந்திருக்க முயலும்பொழுது அவன்மேல் நாடோறும் ஒரு கயிற்றைச் சுற்றி இழுப்பவனைக் குற்றமற்றவன் என்போமா? வெளுத்த பார் மீளும் இயல்புடையது. மிஞ்சிய கொம்புகளிலிருந்து புதிய குஞ்சுகள் பிறந்து பரவும். அவ்வாறு மிஞ்சிய கொம்புகளே நம் வலையில் ஏறிக் கரைக்கு வருகின்றன. கடலின் வெம்மையைத் தணிக்க நம் சங்கத்தால் இயலாது. வலையை எங்கே இடுவதென்பதோ இன்று மாலை நாம் வீடு சேருமுன் தீர்மானிக்கத்தக்க காரியம்.

இனி வேறொரு கேள்வி: வலையால் பாருக்கு ஊறில்லையென்றே வைத்துக்கொள்வோம், சிங்கியை எடுத்துவிடுதலால் மாத்திரம் பாருக்கு என்ன கேடு? இதற்கு விடை தேட நெடுந்தொலை செல்லல் வேண்டும். தென்னமெரிக்காவிற்கு மேற்கே ஈக்குவடார் நாட்டைச் சார்ந்த கலபாகோஸ் தீவுகள் உள்ளன. நம் கடலிலும் வாழும் சிங்கி இனங்களுள் ஒன்று அங்கும் வாழ்கிறது. 1960களில் அங்கே சிங்கிப்பிடிப்புத் தொழிலாக வளர்ந்தது. 1998 ஆம் ஆண்டுச் சட்டம் அக்கடலை உள்ளூர்ச் சிறுதொழிலாளருக்கே உரிமையாக்கியது. ஆயினும் அதன்பின்னும் சில ஆண்டுகள் சிங்கி குறைந்தது. 1982, 1983 ஆம் ஆண்டுகளில் எல் நினோ என்னும் வெந்நீரோட்டத்தால் அங்குள்ள பவளம் பெரும்பாலும் மடிந்தது. பின்னர் மீண்டும் தழைத்திருக்க வேண்டுமல்லவா? தழைக்கவில்லை. ஏனெனின், கடல் முள்ளெலிகள் பெருகி, எஞ்சிய பவளத்தையும் அதன் அடிக்கல்லையும் பல்லாற் சுரண்டித் தின்றுவிட்டன. முள்ளெலியைத் தின்று அடக்கிவைப்பன சிங்கிகளும் சில பெருமீன்களுமே. அவற்றை மனிதர் மிகுதியாக எடுத்துவிட்ட இடங்களில் முள்ளெலி மிகுந்திருத்தலை ஆராய்ச்சியாளர் கண்டனர்.

இக்கதையைக் கேட்டு முள்ளெலியே பவளத்தின் பகை என்று முடிவு கட்டிவிடலாகாது. 1983 இல் கரீபியக் கடலில் கருமுள்ளெலிகள் ஏதோவொரு நோயால் ஓராண்டிற்குள் ஏறக்குறைய முற்றும் மாண்டன. நல்லதாயிற்று என்று நினைப்போம், நடந்தது மாறு. முள்ளெலி மேய்ந்து அடக்கிவைத்திருந்த பாசி தலைவிரித்தாடிப் பவளத்தை மூடிக்கொண்டது. மிகினும் குறையினும் நோயென்னும் மருத்துவ விதி கடலடியிலும் செல்லும். நம் வளைகுடாவிற்குக் கலபாகோஸ் கதையை அப்படியே ஒட்டவைத்தலும் முறையன்று. இங்கே முள்ளெலியைத் தின்னும் மீன்கள் வேறு பலவும் உள்ளன. அம்மீன்களையும் நாமே பிடிக்கிறோம் என்பதை மாத்திரம் மறவாதிருத்தல் நலம்.

வலைக்குப் பதில் கூடு பயன்படுத்தலாமே என்று சிலர் கேட்பர். குளச்சல், முட்டம், கடியப்பட்டணம் முதலிய கன்னியாகுமரி மாவட்டத்து ஊர்களில் பனைநாரினால் பின்னிய கூடுகளில் சிப்பியிறைச்சியை இரையாக வைத்துச் சிங்கி பிடித்தல் பழைய வழக்கம். கூட்டில் அகப்பட்டது உயிரோடிருக்கும். சினையுள்ளதையும் சிறியதையும் ஊறின்றித் திரும்ப விடலாம். பின்னர் 'டிஸ்கோ வலை' என்னும் வேடிக்கைப் பெயர் பூண்ட மூவடுக்கு வலை வந்து, கூடு பின்னும் கைவண்ணம் அருகிவிட்டது. அதனை அறிந்த முதியோர் இருக்கும்பொழுதே இளைஞர் கற்றுக்கொள்ளல் வேண்டும். ஆயினும் கூடும் முற்றும் குற்றமற்றதன்று. அமெரிக்காவின் பிளாரிடாக் கரையில் இலட்சக்கணக்கான மரக்கூடுகளை இறக்குகின்றனர். பலத்த காற்றடிக்கும் நாட்களில் அவை கடலடியில் நகர்ந்து நகர்ந்து பவளத்தையும் கடற்பஞ்சையும் உரசித் தேய்ப்பதைக் கண்டறிந்துள்ளனர். அதனால் 1990களில் கூடுகளின் எண்ணிக்கையைக் குறைக்க அங்கே சட்டம் செய்தனர். நம் வளைகுடாவிலும் பாரின்மேல் கூட்டை வைத்து, பவளக்கல்லை உடைத்து அதனாலேயே கூட்டை மறைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. பாரைவிட்டு மணலில் வைத்த கூடு நல்லது. பாரை உடைத்து வைத்த கூடு வலையினும் தீயது.

சிங்கியின் விலையே அதற்கு எமனாயிற்று. நம் பாட்டன்மார் காலத்தில் அது கரையில் மதிப்பற்றுக் கிடந்ததென்பர். 1950களில் அதன் வாற்பகுதியை உறையவைத்துக் கடல்கடந்து அனுப்பத் தொடங்கியபின் நிலைமை மாறியது. இன்று உயிரோடு விமானமேறிச் செல்கிறது. ஒரு நல்ல சிங்கி அகப்பட்டால் அன்று அடுப்பெரியும். பிள்ளையின் பள்ளிச் சம்பளமும் கட்டலாம். எம் வகுப்புக்குச் சிறுவர் ஒழுங்காக வருவதும் வராததும் சிங்கிவரவைப் பொறுத்தே என்பதை யாம் வருகைப்பதிவேட்டிற் காண்கிறோம். இதனை அறிந்தே பேசுகிறோம்.

ஏற்றுமதி செய்யும் சிங்கிக்கு மத்திய அரசாங்கத்தார் 2003 இல் குறைந்த அளவு எடை வகுத்தனர். நம் பக்கத்துச் சாதாரணச் சிங்கி 200 கிராமுக்குக் குறையலாகாது. வண்ணச்சிங்கியாயின் 500 கிராமுக்குக் குறையலாகாது. விதி நல்லதே. ஆயின் அது ஏற்றுமதியை மாத்திரம் கட்டுப்படுத்துவது. உள்ளூர் உணவுவிடுதிக்கு வாங்குபவன் எடை பார்ப்பதில்லை. குறைந்த விலைக்குக் குஞ்சும் போகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையிலுள்ள மீன்பிடித்தடையும் விசைப்படகுகளுக்கே உரியது. நாட்டுப்படகின் சிங்கிவலையை அது தொடாது. தொடவேண்டுமென்று யாம் சொல்லவில்லை. அரசாங்கம் தொடாத இடத்தில் நாமே என்ன செய்துகொள்கிறோம் என்பதே கேள்வி.

சென்ற ஆண்டு எம் கண்முன் நடந்ததொன்றைச் சொல்லுவோம். ஒரு வள்ளத்தில் பங்காளிகள் இருவர். ஊர் வேண்டா, பெயர் வேண்டா. கனத்த பெண்சிங்கி ஒன்று வயிறு நிறையச் சினையோடு வந்தது. இளையவர் அதனைக் கடலில் விடவேண்டுமென்றார். மூத்தவர், "நீ விட்டால் பக்கத்து வள்ளத்துக்காரன் நாளைக்குப் பிடிப்பான்; அவன் பிள்ளைக்குச் சோறு, என் பிள்ளைக்குத் தருமமா?" என்றார். இருவரும் சினந்தனர். கடைசியில் சிங்கி வியாபாரியின் பெட்டிக்குப் போயிற்று. ஏனெனின் இருவருமே அவ்வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தனர். சினையைச் சுரண்டிவிட்டு அதனை எடைபோட்டதையும் பார்த்தோம். இலட்சக்கணக்கான உயிர்கள் ஒரு தகரத்துண்டால் வழிக்கப்பட்டு மணலில் விழுந்தன. அம்மூத்தவர் கொடியவரல்லர்; அவர் கேட்ட கேள்வியும் தவறன்று. ஒருவன் மாத்திரம் விட்டால் அவன் ஏமாளியே. எல்லாரும் விடுவதென்று கட்டுப்பாடு செய்தாலன்றி எவனும் விடமாட்டான். முன்பணக்கட்டு இருக்கும்வரை கட்டுப்பாடும் நில்லாது.

"முட்டை மிதந்து எங்கோ போய்விடும், பயன் வேறெவர்க்கோ" என்பாரும் உண்டு. மெய்தான், நாம் விட்ட சினை இலங்கைக் கரையில் சென்று பொந்து தேடலாம். அவ்வாறே அங்கு விட்டதும் இங்கு வரலாம். இலங்கை அரசாங்கத்தார் சினைச்சிங்கியைப் பிடித்தலைத் தடுத்து, ஆண்டில் சில மாதங்கள் சிங்கிப்பிடிப்பை நிறுத்தியும் வைக்கின்றனர். அவர்கள் விடுவதை நாம் பிடித்துக்கொண்டிருத்தல் நமக்குப் பெருமையா?

கட்டுப்பாடு கைகூடுமோ என்று ஐயுறுவார்க்கு ஓர் ஊரைக் காட்டுவோம். மெக்சிகோ நாட்டின் கிழக்குக் கரையில் புண்ட்டா ஆலன் என்றொரு சிற்றூர் உண்டு. அங்குள்ள மீனவர் 1960களின் இறுதியில் வீஹியா சிக்கோ என்னும் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். தம் ஊர் விரிகுடாவைக் காணிகளாகப் பகுத்து, இன்னின்ன காணி இன்னின்ன உறுப்பினர்க்கு என்று வகுத்துக்கொண்டனர். ஒவ்வொருவரும் தம் காணியில், பாரின்மேல் அன்று, கடற்புல் வளர்ந்த தரையில், தாழ்ந்த கூரைபோன்ற சிறுகுடில்களைத் தாமே செய்து இறக்குகின்றனர். முன்பு பனையினத்து மரத்தண்டால் செய்தனர், பின்னர்ச் சிமெண்டால் செய்தனர். சிங்கி அதனைப் பொந்தென்று கருதி வந்து தங்குகிறது. மூச்சடக்கி மூழ்கி, சிறியதையும் சினையுள்ளதையும் விட்டு, ஏனையவற்றை உயிரோடு எடுக்கின்றனர். மார்ச்சு முதல் ஜூன் முடிய நான்கு மாதம் ஒருவரும் எடுப்பதில்லை. தன் காணியிற் குஞ்சை விட்டால் அது வளர்ந்து தனக்கே பெரும்பாலும் உதவும் என்பதை ஒவ்வொருவரும் அறிவர். நம் மூத்தவர் கேட்ட கேள்விக்கு அவ்வூரார் கண்ட விடை இது. 1986 இல், நம் தீவுகள் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அதே ஆண்டில், அவ்விரிகுடாவும் காப்பகமாயிற்று; மீனவர் வெளியேற்றப்படவில்லை.

அதே கரீபியக் கடலில் மாறான காட்சியும் உண்டு. ஹோண்டுராஸ் நாட்டு மிஸ்கித்தோ குடியினர் முதலாளிகளின் கப்பலில் சென்று, காற்றுக்குப்பியைச் சுமந்து சிங்கிக்காக மேலும் மேலும் ஆழத்தில் மூழ்கினர். கரையடுத்த இடத்தில் சிங்கி குறையக் குறைய ஆழம் மிகுந்தது. முறையாகக் கற்பிக்காமல் மூழ்கவிட்டதால் பலர் கை கால் விளங்காது முடமாயினர், பலர் மாண்டனர். 2021 இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. முடமான கால் தீர்ப்பினால் எழுந்து நடக்குமா?

நம் தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961 இல். இங்கு அமர்ந்திருக்கும் இளைஞர் ஒருவரும் அதனைக் கண்டதில்லை. யாமும் கண்டதில்லை, நூலிற் படித்துப் பிள்ளைகட்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சிங்கியையும் அவ்வாறு நூலிலிருந்து கற்பிக்க எமக்கு விருப்பமில்லை.

ஆதலின் சங்கத்தார் திருமுன் சில வேண்டுகோள்களை வைக்கிறோம். சினைச்சிங்கியை விடுவதென்றும், 200 கிராமுக்குக் குறைந்ததைக் கரையேற்றுவதில்லையென்றும் நம் உறுப்பினர் எல்லாரும் ஒருங்கே உடன்படல் வேண்டும். வலையைப் பாரின்மேல் இடாமல் மணற்பாங்கில் இடுதல் வேண்டும். கடலடியில் வலைத்துண்டு தங்கியது தெரிந்தால் ஒளிக்காமல் சங்கத்தில் அறிவித்தல் வேண்டும். குளியாட்களைக் கொண்டு, வனத்துறையார் அனுமதியோடு, அதனை அறுத்தெடுக்கலாம். நம் சங்கத்தின் சேமநிதியில் கல்விக்கென்று ஒதுக்கியதைத் தொடாமல், எஞ்சியதிலிருந்து முன்பணக்கட்டை அடைத்துவிட உறுப்பினர்க்கு வட்டியில்லாக் கடன் தரலாமா என்பதைப் பொருளாளர் அவர்கள் ஆராய்ந்து சொல்ல வேண்டும். இந்நான்கனுள் கடைசியே கடினமானது. அஃதின்றி முதல் மூன்றும் ஏட்டளவிலேயே நிற்கும் என்று யாம் அஞ்சுகிறோம்.

கூட்டத்திற்கு வருமுன், பவளக்கொம்பு கொணர்ந்த அச்சிறுவனின் தந்தையார் எம்மைக் கண்டார். திட்டுவாரோ என்று தயங்கினோம். "ஐயா, இருநூறு கிராம் எவ்வளவு பெரியது என்று கையாலே சொல்ல முடியவில்லையே" என்றார். ஆகையால் சிறு தொங்குதராசு ஒன்றை வாங்கி வந்து இம்மேசைமீது வைத்திருக்கிறோம். 200 கிராம் நிற்குமிடத்திற் சிவப்புக் கோடு இட்டுள்ளோம். கூட்டம் முடிந்ததும் வேண்டியவர் வந்து பார்க்கலாம். எத்தனை வள்ளத்திற்கு எத்தனை தராசு வேண்டுமென்று காரியதரிசியவர்கள் பெயர் எழுதிக்கொள்வார்கள்.